முழங்காலிட்டு ஆடும் ஆட்டம்: அலாஸ்காவின் யூப்பிக் கிராமங்களில் ஆட்டமும் ஊர் வாழ்க்கையும்

அலாஸ்காவின் தென்மேற்கில் யூக்கான், கஸ்கோக்விம் என்ற இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலில் போய் விழுகின்றன. இரண்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் டெல்டா சமவெளியில் எங்கு பார்த்தாலும் குளமும் சதுப்பும் புல்லும்தான். கடலோரத்தில் மரமே கிடையாது. இங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. வெளியுலகத்தோடு இவற்றை இணைக்கும் சாலை எதுவும் இல்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பனிவண்டி, எல்லாக் காலத்திலும் வானிலை விட்டுக்கொடுத்தால் சிறு விமானம். எல்லோரும் வந்துபோகும் நடுநாயகமான ஊர் பெத்தேல். அதில் சுமார் 6,300 பேர் வசிக்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் சில நூறு பேர் கொண்ட ஊர்கள்.

இந்த நிலத்தின் மக்கள் யூப்பிக். அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு யுராக் என்று பெயர். இணையத்தில் இதன் காணொளிகள் நிறையக் கிடைக்கின்றன. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அழகான பழங்குடி நடனம் என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடாது. யார் ஆடுகிறார்கள், ஏன் அந்தக் குழந்தை முன்னால் நிற்கிறது, ஏன் நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் துண்டும் வாளியும் கொடுக்கிறார்கள், எதுவும் விளங்காது. அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இதன் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்பதை ஊர் முழுக்கக் கூடி ஒப்புக்கொள்ளும் இடம் இந்த ஆட்டம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆட்டம் எப்படி இருக்கும்

முதலில் பறை. மெல்லிய மரப்பட்டியை வளைத்து வட்டமாக்கி, ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்துக் கட்டி, கீழே ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். மரமில்லாத கடலோரத்தில் மரம் எங்கிருந்து வந்தது? யூக்கான் ஆறு உள்நாட்டுக் காடுகளிலிருந்து அடித்துக்கொண்டு வரும் மரங்கள்தான் கரையோர மக்களுக்குக் காலங்காலமாக வீடும் படகும் பறையும் ஆயின. தோலுக்கு முன்பு வால்ரஸ் என்ற பெரிய கடல்விலங்கின் இரைப்பையைப் பயன்படுத்தினார்கள். அது காய்ந்து இறுகிவிடும், அவ்வப்போது தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் நைலான் போன்ற செயற்கைத் துணி. அடிக்கும் குச்சி நீளமாக, ஒல்லியாக இருக்கும். யூப்பிக் கலைஞர்கள் பறையின் மேல்பக்கம் அடிப்பார்கள். வடக்கே ஆர்க்டிக் கடலோரத்தில் வாழும் இனூப்பியாக் மக்களோ அடிப்பக்கமிருந்து சட்டத்தில் படும்படி அடிப்பார்கள். காணொளி ஒன்றைப் பார்த்து இது எந்தப் பக்கத்து ஆட்டம் என்று கண்டுபிடிக்க எளிய வழி இது.

பறையடிப்பவர்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களேதான் பாடகர்களும். வழக்கமாக இது ஆண்களின் வேலை. இப்போது பெண்களும் பறை எடுக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்கள் நின்றபடி ஆடுவார்கள். பெண்களுக்கு முன்னால் ஆண்கள் கூட்டத்தைப் பார்த்து முழங்காலிட்டு ஆடுவார்கள். பெண்களின் பாதம் தரையை விட்டு நகராது. முழங்கால் மட்டும் பறையோடு சேர்ந்து மெல்ல மடங்கி நிமிரும். பார்வையைத் தாழ்த்தி வைத்திருப்பது மரபு. ஆண்களின் அசைவு வேகமும் வெட்டும் கொண்டது, தோளும் தலையும் சேர்ந்து ஆடும். கதையைச் சொல்லும் வேலை முழுக்கக் கைகளுக்கும் இடுப்புக்கு மேலுள்ள உடம்புக்கும் விடப்பட்டிருக்கிறது.

அதனால்தான் கையில் விசிறி. ஆண்களின் விசிறி வளைத்த மரத்தால் ஆனது, அதில் பனி ஆந்தை போன்ற பறவைகளின் பெரிய இறகுகளைச் செருகியிருப்பார்கள். பெண்களுடையது கடற்கரைப் புல்லைச் சுருட்டிச் சுருட்டித் தைத்த சிறு வட்டு. அதன் ஓரம் முழுக்கக் கேரிபூ மானின் கழுத்து மயிர் நீளமாக, வெள்ளையாகத் தொங்கும். கை நின்ற பிறகும் அந்த மயிர் அரை நொடி அசைந்துகொண்டிருக்கும். ஆறேழு பெண்கள் ஒரே நேரத்தில் கையைத் திருப்பும்போது அசைவு அவர்கள் விரல் நுனியைத் தாண்டிக் காற்றிலும் தொடர்வதைப் பார்க்கலாம். தலையில் மணிச்சரங்கள் தொங்கும் அணி, அதைச் சுற்றி ஓநாய், வால்வரின் போன்றவற்றின் மென்மயிர். உடம்பில் கஸ்பெக் என்ற தொளதொளப்பான பருத்திச் சட்டை, தொப்பியும் முன்பக்கம் பெரிய பையும் வைத்துத் தைத்தது. கஸ்பெக் ஆட்டத்துக்கென்று தனியாக உள்ள உடை இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் பழம் பறிக்கவும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள்.

பாட்டு மெதுவாகத் தொடங்கும். ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் எடுத்துக்கொடுப்பார், பறையும் அடங்கியே ஒலிக்கும். பல்லவி பெரும்பாலும் பொருளற்ற அசைகளால் ஆனது. சரணத்தில்தான் கதை வரும். ஆட்டக்காரர்கள் கதையை வரிக்கு வரி கையால் காட்டுவார்கள். முன்னால் இருக்கும் ஒருவர் அடுத்து வரும் அசைவை உரக்கச் சொல்லி வழிநடத்துவதும் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் ஏறும், பறை ஓங்கும், வேகம் கூடும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கூட்டத்திலிருந்து யாராவது 'பாம்யுவா!' என்று கத்துவார்கள். இன்னொரு தடவை ஆடுங்கள் என்று கேட்கிறார்கள். மறுபடி அதே சரணம், இன்னும் வேகமாக. கூட்டம் விடாமல் கேட்டால் மூன்றாம், நான்காம் தடவையும் ஆட வேண்டியதுதான். ஆடுபவர் மூச்சு வாங்க, பார்ப்பவர்கள் சிரித்துச் சிரித்துக் கத்த, முதல் சுற்றின் அடக்கம் எல்லாம் போய் அரங்கமே ஒரே ஆரவாரமாகிவிடும்.

எதைப் பற்றிப் பாடுவார்கள்? சீல் என்ற கடல்விலங்கின் வேட்டை, வாத்துக் கூட்டம் வந்து இறங்குவது, பழம் பறிக்கப் போன இடத்தில் நடந்தது, படகின் இயந்திரம் நடு ஆற்றில் நின்றுபோனது, கூடைப்பந்து. பழைய பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. புதிய பாட்டுகளையும் ஊரின் பாட்டுக்கட்டுபவர்கள் விடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். நகைச்சுவைப் பாட்டுகளுக்குத்தான் பாம்யுவா அதிகம் விழும். கேலி என்றால் யாரும் யாரையும் கேலி செய்துவிட முடியாது, அதற்கு முறை இருக்கிறது. யூப்பிக் உறவுமுறையில் சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் கணக்கு. மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் வேறு வகை. அவர்களைச் சீண்டலாம், வம்புக்கு இழுக்கலாம், ஊர் நடுவே அவர்கள் செய்த அசட்டுத்தனத்தைப் பாட்டாகக் கட்டி ஆடலாம், அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, நம் முறைப்பையன் முறைப்பெண் கேலி அப்படியே அங்கேயும் இருக்கிறது. இந்தக் கேலிக்குள் கண்டிப்பும் ஒளிந்திருக்கும். நேரடியாகக் கண்டித்தால் மனம் புண்படும் என்ற இடத்தில் மாமன் மகன் பாட்டில் வைத்துச் சொல்லிவிடுவார், கேட்டவருக்கும் புரிந்துவிடும்.

குளிர்காலத்து விழாக்கள்

பழைய நாளில் யூப்பிக் ஊரின் நடுவில் கஸ்கிக் என்ற பெரிய பொது வீடு இருக்கும். பாதி மண்ணுக்குள் புதைந்தது, மேலே புல்மண் போர்த்தியது, கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு. ஆண்களும் வளர்ந்த பையன்களும் அங்கேதான் தங்குவார்கள், உறங்குவார்கள், படகுச் சட்டமும் ஈட்டியும் செய்வார்கள். பெரியவர்கள் பையன்களுக்கு வேட்டையும் வானிலையும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். பெண்களும் சிறு பிள்ளைகளும் சுற்றியுள்ள சின்ன வீடுகளில் இருந்தார்கள். சாப்பாடு அங்கிருந்து வரும். கோடை முழுக்க மீன் பிடிக்கவும் காய வைக்கவும் குடும்பங்கள் ஆற்றோர முகாம்களுக்குப் பிரிந்து போய்விடும். பனி விழுந்து, ஆறு உறைந்து, களஞ்சியம் நிறைந்த பிறகு எல்லோரும் ஊருக்குத் திரும்புவார்கள். அப்புறம்தான் ஆட்டக் காலம். விழாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

அவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றின் மனப்போக்கும் இதில் தெரிந்துவிடும். சீலின் உயிர் அதன் சிறுநீர்ப்பையில் தங்குகிறது என்று யூப்பிக் மக்கள் நம்பினார்கள். ஆண்டு முழுக்க வேட்டையாடிய ஒவ்வொரு சீலின் பையையும் வேட்டைக்காரர் குடும்பம் பத்திரமாக எடுத்து வைக்கும். நடுக்குளிர்காலத்தில் அவற்றையெல்லாம் ஊதி, வண்ணம் தீட்டி, கஸ்கிக்கின் உள்ளே கட்டித் தொங்கவிடுவார்கள். பைகளில் வந்திருக்கும் சீல் உயிர்கள் விருந்தாளிகள், அவர்கள் முன்னால் ஆட வேண்டும், பாட வேண்டும், உணவு படைக்க வேண்டும், சண்டை சச்சரவு கூடாது. சில நாள் கழித்து அந்தப் பைகளை ஊர்வலமாக எடுத்துப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு, கடலுக்குள்ளோ ஆற்றுக்குள்ளோ திருப்பி அனுப்புவார்கள். நன்றாக உபசரிக்கப்பட்ட சீல், போன இடத்தில் மற்ற சீல்களிடம் அதைச் சொல்லும், மறுபடி உடம்பெடுத்து அதே வேட்டைக்காரரிடம் வந்து தன்னைக் கொடுக்கும். வேட்டை என்பது அங்கே திறமையால் பறிப்பது என்று கருதப்படவில்லை. விலங்கு தன்னைக் கொடுக்கிறது, மனிதர் அதற்குரிய மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிறார். இந்தக் கணக்கைத் தீர்க்கும் வழிகளில் ஆட்டமும் ஒன்று.

முகமூடி ஆட்டங்களும் இந்த ஓட்டத்தில் வந்தவைதான். வரும் ஆண்டில் மீனும் விலங்கும் தாராளமாக வர வேண்டும் என்று வேண்டி, மந்திரவாதியின் கனவுக் காட்சிகளை மரத்தில் செதுக்கி முகத்தில் வைத்து ஆடினார்கள். வளையங்களும் இறகுகளும் சின்னச் சின்னக் கைகளும் ஒட்டிய அந்த முகமூடிகளை ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலும் எறிந்துவிடுவார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். வேலை முடிந்தது, அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர்கள் அவற்றை வாங்கி அருங்காட்சியகங்களுக்கு விற்றார்கள். 1940-களில் நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்திருந்த ஐரோப்பிய சர்ரியலிஸ்ட், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய, ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். உருவாக்கிய ஊரில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு குழந்தையின் முதல் ஆட்டம்

இன்றைய கிராமத்துக்கு வருவோம். இங்கேதான் யுராக் என்னை மிகவும் ஈர்க்கிறது.

ஊரில் ஒருவர் இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைப்பது யூப்பிக் வழக்கம். பெயருக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை, தாத்தாவின் பெயர் பேத்திக்கும் வரும். பெயரோடு சேர்த்து அவருடைய ஏதோ ஒன்றும் குழந்தைக்குள் வந்துவிடுகிறது. அதனால் இறந்தவரின் மனைவி அந்தக் குழந்தையைத் தன் கணவரை அழைத்த முறையிலும், அவருடைய பிள்ளைகள் அப்பா என்றும் கூப்பிடுவார்கள். அவருக்குப் பிடித்த உணவைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள், குழந்தைக்கு உடுத்தக் கொடுத்தால் அது அவரையும் சென்று சேர்கிறது. ஆக மூன்று வயதுக் குழந்தைக்கும் ஊரில் பல வீடுகளில் பலவிதமான உறவு உண்டு, பெற்றோர் வழி வந்தது ஒன்று, பெயர் வழி வந்தது இன்னொன்று.

அந்தக் குழந்தை முதன்முதலாக ஊர் முன்னால் ஆடும் நாள் பெரிய நாள். வீட்டார் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அதற்காகச் சேர்ப்பார்கள். பாட்டி விசிறி பின்னுவார், தலையணிக்கு மணி கோப்பார், புது கஸ்பெக் தைப்பார். துண்டு, துணி, கையுறை, காலுறை, பிளாஸ்டிக் வாளி, பாத்திரம், காய்ந்த மீன், சீல் எண்ணெய் என்று அட்டைப் பெட்டிகள் வீட்டின் ஒரு மூலையில் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். அன்றைக்குப் பள்ளிக்கூட அரங்கில் ஊரே உட்கார்ந்திருக்கும். குழந்தை நடுவில் வரும். பையன் என்றால் முழங்காலிட்டு, பெண் என்றால் நின்றபடி. சுற்றிலும் பெரியவர்கள் சேர்ந்து ஆடித் துணை நிற்பார்கள். சில குழந்தைகள் கையை ஒழுங்காக அசைக்கும், சில அப்படியே மலைத்துப் போய் நிற்கும். கூட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரி பாம்யுவா கேட்கும்.

ஆட்டம் முடிந்ததும் பெட்டிகள் வெளியே வரும். குழந்தையின் பெயரால் எல்லாம் வாரி வழங்கப்படும். முதலில் முதியவர்களுக்கு, பிறகு கைம்பெண்களுக்கு, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. ஆடிய குழந்தைக்குப் பரிசு கிடைக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே ஆடியவர் வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குப் போகிறது. அந்தக் குழந்தைக்கு முதல் பாடமாக ஊர் சொல்லித்தருவது இதுதான், எல்லோர் முன்னாலும் நீ நிற்கும்போது உன் கையிலிருந்து ஏதாவது போக வேண்டும். கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட முதியவர் குழந்தையை ஊரின் ஆளாக ஒப்புக்கொள்கிறார். எந்தப் பெயரில் கொடுக்கப்பட்டதோ அந்தப் பெயருக்குரிய இறந்தவரும் அன்றைக்கு நினைக்கப்படுகிறார். ஒரே நிகழ்வில் குழந்தை, குடும்பம், மூதாதை, ஊர் எல்லாம் ஒரே முடிச்சில் வந்துவிடுகின்றன. சில குடும்பங்கள் தங்கள் சக்திக்கு மீறிச் செலவு செய்துவிடுகின்றன என்பதும் உண்மைதான். எப்படியோ சமாளிப்பார்கள், உறவினர்களும் தோள் கொடுப்பார்கள்.

ஆட்டமே இல்லாத இடத்திலும் இதே முறை தெரியும். டெல்டாவின் கடலோரத்தில் உள்ள நெல்சன் தீவுப் பகுதியில் வசந்தகாலத்தில் ஒரு வீட்டின் ஆண் பருவத்தின் முதல் சீலைக் கொண்டுவந்தால், அந்த வீட்டுப் பெண் ஊர்ப் பெண்களை வாசலுக்கு அழைப்பார். வருபவர்கள் கையில் வாளியோ பையோ இருக்கும். முதலில் இறைச்சியும் கொழுப்பும் பங்கு போட்டுக் கொடுக்கப்படும். பிறகு வாசல்படியில் நின்றுகொண்டு மிட்டாய், நூல்கண்டு, சோப்பு, துணித்துண்டு என்று வீட்டில் சேர்த்து வைத்ததையெல்லாம் கூட்டத்தின் மேல் வீசுவார். பெண்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் பிடிப்பார்கள். சின்னப் பையன் தன் முதல் பறவையை அடித்து வந்தாலும் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் பிடிப்பைக் கொடுத்தவனுக்கு அடுத்தது வரும் என்பது நம்பிக்கை.

ஓர் ஊர் இன்னோர் ஊரை அழைக்கும் போதுதான் இதன் முழு வீச்சும் வெளியாகும். முன்பு தூதர்களை அனுப்பி, எந்த வீட்டார் எந்த வீட்டாரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைக்கூடச் சொல்லியனுப்புவார்கள். வடக்கே இனூப்பியாக் மக்களிடம் கிவ்கிக் என்ற பெயரில் இருந்த இப்படிப்பட்ட தூதர் விழா 1914-க்குப் பிறகு நின்றுபோய், 1988-ல் இன்று உட்கியாக்விக் எனப்படும் ஊரில் மறுபடி தொடங்கியது. டெல்டாவில் இன்றைக்கு விருந்தாளிகள் பனிவண்டிகளிலும், ஒன்பது பேர் அமரும் சிறு விமானங்களிலும் வந்து இறங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தரையில் படுக்கை விரிப்பார்கள். மிச்சப் பேர் வகுப்பறைகளில். மூஸ் என்ற பெரிய மானின் இறைச்சிச் சூப், காய்ந்த சால்மன், சீல் எண்ணெய், அப்புறம் அகுடக். அகுடக் என்பது கொழுப்பைக் கையால் நுரைக்க அடித்து அதில் சர்க்கரையும் டன்ட்ராப் பழங்களும் கலந்து செய்வது, சில வீட்டில் வேகவைத்து உதிர்த்த மீனும் சேரும். ஆட்டம் சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு தாண்டும். பனிப்புயல் பிடித்துக்கொண்டால் விருந்தாளிகள் சொன்ன நாளைவிடக் கூடத் தங்குவார்கள். யாரும் குறை சொல்வதில்லை, இன்னொரு இரவு ஆடலாம்.

நின்றுபோனதும் திரும்பி வந்ததும்

1885-ல் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரிகள் கஸ்கோக்விம் கரையில் வந்து இறங்கினார்கள். பெத்தேல் என்ற பைபிள் பெயர் அவர்கள் வைத்ததுதான். அவர்களில் ஒருவரான ஜான் கில்பக் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த லெனாபே பழங்குடியில் பிறந்தவர். மிஷனரிகள் யூப்பிக் மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பறையும் முகமூடியும் பேய் வழிபாடு என்ற முடிவில் சபை உறுதியாக நின்றது. 1900-ல் இன்ஃபுளுயன்சாவும் தட்டம்மையும் ஒன்றாக வந்து பல ஊர்களைக் காலியாக்கின. பாட்டு தெரிந்த முதியவர்கள் போய்விட்டார்கள். அநாதையான பிள்ளைகள் மிஷன் இல்லங்களில் வளர்ந்தார்கள். நோயைத் தடுக்க முடியாத பழைய மந்திரவாதிகள் மேல் இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. மொரேவியர் செல்வாக்கு வலுவாக இருந்த கஸ்கோக்விம் கரை ஊர்களில் பறை அநேகமாக அடங்கியே போனது. கடலோரத்திலும் யூக்கான் கரையிலும் கத்தோலிக்கர்கள் வந்த ஊர்களில் நிலைமை வேறு. அங்கேயும் தொடக்கத்தில் முகமூடிகளை எதிர்த்தார்கள், ஆனால் காலப்போக்கில் ஆட்டத்தோடு சமாதானமாகப் போனார்கள். டூக்சூக் பே, சீவாக், ஹூப்பர் பே, எம்மோனாக் போன்ற ஊர்களில் யுராக் அறுபடாமல் வந்ததற்கு இது பெரிய காரணம். இன்றைக்கு ஓர் ஊரில் ஆட்டம் எவ்வளவு வேரோடு இருக்கிறது என்று கேட்டால், அங்கே எந்தச் சபை வந்தது என்பதில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூடம் இன்னொரு அடி. கிராமங்களில் அப்போது உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைகளைப் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தென்கிழக்கு அலாஸ்காவில் உள்ள சிட்காவுக்கும், இன்னும் தெற்கே ஓரிகன் மாநிலத்துக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வேட்டையையும் ஆட்டத்தையும் கற்றுக்கொள்ளும் வயதில் பிள்ளைகள் ஊரிலேயே இல்லை. இதை எதிர்த்துக் கிராமத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள். எம்மோனாக் ஊரைச் சேர்ந்த மாலி ஹூச் என்ற மாணவியின் பெயரால் அந்த வழக்கு அறியப்படுகிறது. 1976-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 126 கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி வசதி செய்துதர அரசு ஒப்புக்கொண்டது. பள்ளி வந்தபோது கூடவே பெரிய உள்ளரங்கம் வந்தது, வெளிச்சமும் கணப்பும் உள்ள, ஊர் முழுக்க உட்காரக்கூடிய ஒரே கட்டடம். பகலில் கூடைப்பந்து, இரவில் யுராக். இடிந்துபோன கஸ்கிக்கின் இடத்தை அந்த அரங்கம் பிடித்துக்கொண்டது. மொழியையும் ஆட்டத்தையும் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்த பள்ளிகளும் உண்டு. ஒரு நீதிமன்ற வழக்கு ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு செய்தது என்பதை இதைப் பற்றி எழுதுபவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

1980-களில் ஊர் எல்லை தாண்டிய விழாக்கள் தொடங்கின. பெத்தேலில் ஆண்டுதோறும் வசந்தகாலத் தொடக்கத்தில் நடக்கும் சமாய் ஆட்டவிழா அவற்றில் பெயர் பெற்றது. ஒருகாலத்தில் பறையை விலக்கிய அதே பெத்தேலில் மூன்று நாள் பறை ஒலிக்கிறது. சபை மரபில் வளர்ந்த முதியவர்கள் சிலருக்கு இன்னும் மனத்தடை இருக்கிறது, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள். 1996 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. உலகின் பல அருங்காட்சியகங்களில் கிடந்த யூப்பிக் முகமூடிகளைச் சேர்த்து நடத்திய ஒரு கண்காட்சி, பெரிய நகரம் எதிலும் தொடங்காமல் டூக்சூக் பே கிராமத்தில் ஆட்டவிழாவோடு தொடங்கியது. தங்கள் தாத்தாக்கள் செதுக்கியதை அந்த ஊர் முதியவர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்து, எது என்ன கதை என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கிராமம் முதல், நகரம் பிறகு என்ற அந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

அதே டூக்சூக் பேயில்தான் 2020-ல் அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஜனவரி 21 அன்று முதலில் கணக்கெடுக்கப்பட்டவர் லிஸி நெங்குர்யார் என்ற 90 வயது மூதாட்டி. நாட்டின் மற்ற இடங்களில் ஏப்ரலை ஒட்டி நடக்கும் வேலை இங்கே ஜனவரியில் நடக்கக் காரணம் இருக்கிறது. தரை உறைந்திருக்கும்போதுதான் ஊர் ஊராகப் போக முடியும், பனி உருகிவிட்டால் மக்கள் வேட்டைக்கும் மீனுக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆட்டக் காலமும் அதே கணக்கில்தான் நடக்கிறது.

இன்றைய கவலைகள் நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் வருகின்றன. சில ஆண்டுகளாக சால்மன் மீன் வரத்து பெரிதும் குறைந்து, குடும்பங்கள் பிடிக்கும் மீனுக்கே கடும் கட்டுப்பாடு. மீன் இல்லை என்றால் கொடுக்கவும் ஒன்றுமில்லை. கடையில் வாங்கலாம் என்றால் எல்லாம் விமானத்தில் வருவது, விலை எட்டாது. உறைந்த மண் இளகி, ஆற்றங்கரை சரிந்து, நியூடாக் என்ற ஊர் நெல்சன் தீவில் மெர்ட்டார்விக் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தது. 2025 அக்டோபரில் ஹலோங் புயலின் மிச்சம் கடலை ஊருக்குள் கொண்டுவந்து கிப்னுக், குவிகில்லிங்கோக் கிராமங்களைச் சிதைத்தது. வீடுகள் மக்களோடு மிதந்து போயின. நூற்றுக்கணக்கானவர்கள் விமானத்தில் ஆங்கரேஜ் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உணவும் கூரையும் அங்கே கிடைக்கும். ஆனால் யாருடைய பெயரை யார் சுமக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் நகரத்தின் வெவ்வேறு மூலையில் சிதறியிருந்தால் முதல் ஆட்டத்தை எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது? நிவாரணக் கணக்குகளில் இந்த இழப்புக்குத் தலைப்பே இருக்காது.

பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். சமாய் விழாவைப் பெத்தேலின் உள்ளூர் வானொலி நிலையம் இணையத்தில் ஒளிபரப்புகிறது. அலாஸ்காப் பூர்வகுடிகளின் கூட்டமைப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் நடத்தும் மாநாட்டில், 1982 முதல் குயானா அலாஸ்கா என்ற ஆட்ட இரவுகள் நடக்கின்றன. அங்கே யூப்பிக், இனூப்பியாக் மட்டுமின்றி டிளிங்கிட், அத்தபாஸ்கன் குழுக்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம், அவர்களுடைய ஆட்டம் முற்றிலும் வேறு. யூப்பிக் குழு வரும்போது முதல் சுற்றில் பாட்டை மட்டும் கேளுங்கள், இரண்டாம் சுற்றில் முன்னால் இருக்கும் ஆண்களின் கையைப் பாருங்கள், துடுப்பா துப்பாக்கியா பந்தா என்று பிடிபடத் தொடங்கும். மூன்றாம் சுற்றில் பின்னால் நிற்கும் பெண்களின் விசிறி. நடுவில் யாராவது எழுந்து ஒரு முதியவரிடம் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தால் காணொளியை ஓட்டிவிடாதீர்கள், அதையும் பாருங்கள்.